மொழியைக் கைவிட்டு நாட்டைக் கற்பதா?

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழகக் கடிதங்கள் வீடு வந்து சேருங் காலத்தில் ஒவ்வோராண்டும் ஒரே கேள்வி எம்மைத் தேடி வருகின்றது. இம்முறை அதனைக் கொண்டுவந்தவர் வன்னியிலே குளத்து நீரை நம்பிக் கமஞ் செய்யும் ஒரு பெரியவர். அவருடைய மகள் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கின்றாள்.

"பிள்ளை மொழியைப் படிக்க ஆசைப்படுகின்றாள். இனசனம் எல்லாம் வேறு சொல்லுகின்றது. மொழி படித்தால் வாத்தியார் உத்தியோகந்தான் கதி. தென்னாசியக் கற்கை, அனைத்துலக உறவு, பிரதேச அபிவிருத்தி என்று எதையாவது படித்தால் தூதரகம், தொண்டு நிறுவனம், வெளிநாடு என்று வழி திறக்குமாம். ஐயாவின் எண்ணம் என்ன?" என்று அவர் கேட்டார்.

அவருக்கு அன்று வாய்மொழியாய்ச் சொன்ன விடையை இன்று எழுத்தில் வைக்கின்றோம். பிள்ளை மொழியை முதலிற் படிக்கட்டும். பிரதேசத்தை அம்மொழியின் வழியாகப் படிக்கட்டும். மொழியை விட்டு நாட்டை மட்டும் கற்கப் புறப்படுவது, கிணறு வெட்டாமல் துலா நாட்டுவதற்கு ஒப்பாகும். துலா உயரமாய் நிற்கும். ஊரார் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் தோட்டத்துக்கு ஒரு பட்டை தண்ணீர் வாராது.

பெயர்ப்பலகையின் மயக்கம்

பிரதேசக் கற்கை என்பது யாது? ஒரு நிலப்பகுதியின் வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமயம், சமூக வழக்கம் ஆகியவற்றைத் துண்டு துண்டாகப் பிரியாமல் ஒருங்கு வைத்துக் கற்கும் முறை அது. நல்ல முறைதான். அதனை நாம் பழிக்கவில்லை. எமது வழக்கு அம்முறையோடன்று. மொழியை உரித்தெடுத்துவிட்டு எஞ்சிய தோலுக்கு அப்பெயரைச் சூட்டி மாணவருக்கு விற்போரோடேயாகும்.

அம்முறையை உண்டாக்கியவர் யாரென்று பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே தென்னாசியப் பிரதேசக் கற்கைக்கென ஒரு துறை 1948இல் நிறுவப்பட்டது. அந்நாட்டில் அத்தகைய துறைகளுள் அதுவே முதலாவது. அதனை நிறுவிய நோர்மன் பிரவுண் பொருளியல் அறிஞரல்லர், அரசியல் நிபுணருமல்லர். அவர் சமஸ்கிருதம் கற்றுத் தேர்ந்த மொழியறிஞர். மொழியென்னும் கிணற்றை வெட்டி முடித்தவரே அங்கு துலாவை நாட்டினார்.

அடுத்து நடந்ததையும் நோக்குங்கள். 1957ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சோவியத் நாடு தன் முதற் செயற்கைக் கோளை வானில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறுவருடம் செப்டெம்பரில் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அதன் ஆறாம் பகுதியின் கீழ்த்தான் உலகின் பல பிரதேசங்களைக் கற்பிக்கும் நிலையங்களுக்கு அந்நாட்டு அரசின் பணம் பாய்ந்தது. அப்பகுதிக்கு அவர்கள் இட்ட தலைப்பு "பிரதேச அறிவு" என்பதன்று. "மொழி விருத்தி" என்பதேயாகும். பிறநாட்டாரை அறிய வேண்டுமென்ற அவர்களது நோக்கம் முழுத் தூய்மையானதென்று நாம் சான்று கூறவில்லை. ஆயினும் தம் காரியத்திற் கண்ணாயிருந்த அவ்வரசினர், மொழியில்லாமல் எந்த நாடும் பிடிபடாது என்பதை மட்டும் தெளிவாய் உணர்ந்திருந்தனர். தமிழும் அவ்வாறே சிக்காகோவிலும் பென்சில்வேனியாவிலும் வகுப்பறை கண்டது.

பிரித்தானியரும் இவ்வழியே வந்தவர். 1947இல் ஸ்காபரோ ஆணைக்குழு கீழைத்தேய மொழிகளைக் கற்பிப்பதற்குப் பெரும் பணம் செலவிடுமாறு பரிந்துரைத்தது. 1961இல் ஹேற்றர் குழு, அம்மொழித் துறைகள் பண்டைய நூல்களுக்குள் அடைந்து கிடக்கின்றன. இன்று வாழும் மக்களின் பொருளாதாரத்தையும் அரசியலையும் கவனிப்பாரில்லை. ஆதலாற் பிரதேச நிலையங்கள் வேண்டும் என்று கூறியது. அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். ஆனால் ஹேற்றர் குழுவும் மொழி வேண்டாமென்று சொல்லவில்லை. இருந்த மொழி அறிவின்மேல் நாட்டறிவையும் கட்டுங்கள் என்றே சொல்லிற்று.

இன்று நிலை என்ன? அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலமல்லாத மொழிகளைக் கற்போர் தொகை 2016க்கும் 2021க்கும் இடையில் 16.6 வீதத்தாற் குறைந்துவிட்டது. 2023இல் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் தன் பிறமொழிப் பட்டங்களையே நிறுத்தத் தீர்மானித்தது. கணக்குப் பார்த்தார்களாம், மொழி கட்டுப்படியாகவில்லையாம். நம்மவர் சிலர் இதனைக் காட்டி, "அமெரிக்காவே விட்டுவிட்டது, உமக்கேன் இந்தப் பிடிவாதம்?" என்கின்றனர். அவர்களை நாம் கேட்கின்றோம்: பிறர் எழுந்த வழியைப் பின்பற்றுவதா, சறுக்கும் வழியைப் பின்பற்றுவதா? ஆங்கிலம் என்னும் பெருந்தனத்தின்மேற் சாய்ந்துகொண்டிருக்கும் நாடு ஓரிரு மொழிகளைத் தவறவிட்டாலும் தாங்கிக்கொள்ளும். நாம் தாங்குவோமா?

மலாயாவில் எழுந்த கேள்வி

இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1950களின் நடுப்பகுதியில், அங்கே இந்திய ஆய்வுத்துறை ஒன்றை நிறுவ முயற்சி நடந்தது. பெயரைக் கவனியுங்கள்: இந்திய ஆய்வு. அது ஒரு பிரதேசத்தின் பெயர். ஒரு மொழியின் பெயரன்று. அத்துறை எவ்வாறு அமைய வேண்டுமென்று ஆலோசனை கூறுமாறு அழைக்கப்பெற்றவர் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார். சோழர் வரலாற்றைத் தமிழ்க் கல்வெட்டுக்களிலிருந்து எழுதிப் பெரும்புகழ் ஈட்டியவர் அவர். ஆயினும் அத்துறையில் சமஸ்கிருதத்துக்கே முதன்மை தரவேண்டுமென்று அவர் பரிந்துரைத்தார்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் மிகப்பெரும்பாலோர் தமிழர். றப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் இரயிற் பாதையிலும் உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வாழும் நாட்டிலே அவர்களைப் பற்றிய துறை, அவர்கள் பேசாத மொழியைத் தலைவாசலில் நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதியைத் தொடங்கினார். உழைப்பாளிகள் தம் சிறு கூலியிலிருந்து கிள்ளிக் கொடுத்தனர். அந்நிதி பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்குச் சென்றது. 1956இல் அத்துறை தொடங்கியபோது தமிழ் அங்கே இடம்பெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது.

அத்தொழிலாளர் பெரும்பாலோர் பல்கலைக்கழகப் படியை மிதித்தவரல்லர். ஆயினும் இன்று பட்டம் பெற்றோர் பலருக்கு விளங்காத ஓர் உண்மை அவர்களுக்கு விளங்கியிருந்தது. பலகையில் எந்தப் பெயரை எழுதினாலென்ன? உள்ளே மேசைமீது எந்த மொழி நூல் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதனைத் தீர்மானிப்பவரே அந்நாட்டு மக்களைப் பற்றி நாளை உலகம் எதனை நம்பும் என்பதையும் தீர்மானிக்கின்றார்.

1961இல் அத்துறையின் தலைமைப் பேராசிரியராய்ச் சென்றவர் எவர்? எமது தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளார். உரோமாபுரியிற் சமயக் கல்வி பெற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றறிந்த அவர், முப்பது வயதைக் கடந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று முறையாகத் தமிழ் கற்றார். அவர் அங்ஙனம் மொழியில் இறங்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பிற மொழியார் எழுதியதைப் பிற மொழியிற் படித்து, நம்மைப் பற்றி மேலும் ஒரு நூல் எழுதியிருப்பார், அவ்வளவே. தமிழைக் கற்றமையால் 1952இல் 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் புதுடில்லியில் உருவாக முன்னின்றார். 1966இல் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிற் கூட்டினார். தென்கிழக்காசியாவிற் பரந்து கிடந்த தமிழர் தொடர்பை அவர் தேடியது மொழி என்னும் விளக்கைக் கையிற் பிடித்துக்கொண்டே.

அண்மையிலும் நம்மவர் கொடுத்திருக்கின்றனர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கான 60 இலட்சம் டொலர் 2018இற் சேர்ந்தது. தொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் கனடிய டொலர் 2021இற் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பணம் கொடுத்து இருக்கையை வாங்கலாம். அதன் எதிரே அமரும் மாணவனை வாங்க முடியாது. மேடையில் இருக்கைக்கு நிதி கொடுத்துவிட்டு, வீட்டில் தம் பிள்ளையை "மொழி படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும் பெற்றோர், தாம் கொடுத்த பணத்தைத் தாமே பாழாக்குகின்றனர்.

ஒரு சொல்லின் விலை

சட்டத்தரணிகளும் கமக்காரரும் இப்பத்திரிகையை வாசிக்கின்றனர். இரு சாராருக்கும் நன்கு பழகிய இடத்திலிருந்தே சான்று காட்டுவோம்.

வடபுலத் தமிழரின் காணி உரிமையை இன்றும் ஆளுவது தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவ்வழமைகளை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். அத்தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்கள் சரியென ஏற்ற பின்னரே வழக்குக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக்கினர். அதாவது, தமிழர் வாயிலிருந்த வழமை ஒல்லாந்தர் பேனாவுக்குச் சென்று, தமிழுக்குத் திரும்பி, பின்னர் ஆங்கிலத்துக்குள் புகுந்து, நீதிமன்றம் ஏறியது. அந்நியனான ஒல்லாந்தன்கூட, மொழியறிந்த பன்னிருவர் முன் வைக்காமல் அதனை நம்பத் துணியவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாமாம்!

அதிலே 'ஒற்றி' என்றொரு சொல் உண்டு. காணியைக் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அவன் எடுத்துக்கொள்ளவிடும் ஏற்பாடு அது. அதனை வெறும் 'ஈடு' என்று ஒருவன் பெயர்த்துவிட்டால், காணியில் இறங்கி விளைவெடுக்கும் உரிமை ஒரு சொல்லிலேயே மறைந்துபோகும். 'தேடியதேட்டம்' என்பது மற்றொரு சொல். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழுங் காலத்தில் ஈட்டியது என்று நம் பாட்டிமார் எளிதிற் சொல்லிவிடுவர். ஆனால் அதன் எல்லை எதுவரை என்பதை 1911இல் ஒரு சட்டம் வரையறுக்க வேண்டியதாயிற்று. 1947இல் அவ்வரைவிலக்கணமும் திருத்தப்பட்டது. எத்தனை வழக்குகள்! எத்தனை குடும்பங்களின் வயலும் வளவும் ஒரு சொல்லின் பொருளில் தொங்கின! முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்களையும் அறியாதவன், வடபுலச் சமூகத்தைப் பற்றி முந்நூறு பக்க ஆய்வு எழுதினாலும், அதில் மனிதர் இருப்பர். அவர்கள் நிற்பதற்குக் காணி இராது.

வயலுக்கு வாருங்கள். அலைகரை, துருசு, கலிங்கு, காலபோகம், சிறுபோகம், பொலி. மட்டக்களப்புப் பக்கம் சென்றால் போடியார், வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரன். இவை வெறுஞ் சொற்களல்ல. தண்ணீரை யார் திறப்பது, யார் வயலுக்கு முதலிற் பாய்வது, விளைவில் யாருக்கு எவ்வளவு என்ற முறைமை முழுவதும் இச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. வினாக்கொத்தும் மொழிபெயர்ப்பாளரும் உடன்வர வாகனத்தில் இறங்கும் 'பிரதேச நிபுணர்', வட்டவிதானையைக் 'கிராம அலுவலர்' என்று குறித்துக்கொண்டு போவார். அக்குறிப்பு அறிக்கையாகும், அறிக்கை திட்டமாகும், திட்டம் வாய்க்காலாகும். அவ்வாய்க்காலில் நீர் மேட்டுக்கு ஏறவில்லையென்று பின்னர் கமக்காரனையே குற்றஞ் சொல்வர்.

ஏட்டைத் திறந்தவர்கள்

மொழி கற்றவன் நாட்டை எவ்வாறு திறக்கின்றான் என்பதற்கு இருவரைக் காட்டுவோம்.

ஒருவர் நம்மவர். யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியை ஆராயப் புகுந்தார். ஆங்கில நூல்களோடு அவர் அமைந்துவிடவில்லை. ஒல்லாந்தக் கம்பெனியாரின் மூல ஆவணங்களையே அவர்களது மொழியில் வாசித்தார். 1658 முதல் 1687 வரையிலான காலத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. இந்து சமுத்திரத்து வணிக வரலாற்றைப் பேசுவோர் அவரைத் தாண்டிச் செல்ல முடியாத நிலை அதன்பின் உண்டாயிற்று. நம் மூதாதையரின் நிலத்தையும் வரியையும் பதிவுசெய்த ஒல்லாந்தர் தோம்புகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை இன்று வாசிக்கக்கூடிய தமிழ் இளைஞர் எத்தனை பேர்? விரல்களை மடக்கிப் பாருங்கள்; ஒரு கை மிஞ்சும்.

மற்றவர் அந்நியர். யப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா 1960களின் தொடக்கத்தில் தமிழகம் வந்து தமிழையும் கல்வெட்டு வாசிப்பையும் கற்றார். காவிரிக் கரையில் ஈசானமங்கலம், அல்லூர் என்னும் இரண்டு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுக்களை அவர் ஒப்பிட்டார். பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் காணி தனியாட்களின் உடைமையாய் இருந்தது. வேளாண் ஊராகிய அல்லூரில் அது ஊராரின் பொது உடைமையாய் இருந்தது என்று எடுத்துக்காட்டினார். தென்னிந்தியக் கிராமங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று பேசிக்கொண்டிருந்த பெரும் கோட்பாடுகள் அந்த இரண்டு ஊர்களின் முன்னே தடுமாறின. கராசிமா செய்தது பிரதேச ஆய்வுதான். ஆனால் அதன் வாசல் ஒரு கல்லிற் பொறித்த தமிழெழுத்து. யப்பானிலிருந்து வந்தவருக்குத் திறந்த அந்த வாசல், நம் வீட்டுப் பிள்ளை தட்டவே மறுப்பதால் அவனுக்கு மூடிக்கிடக்கின்றது. வெட்கப்பட வேண்டாமா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. எரித்தவரை வரலாறு மன்னிக்காது. ஆனால் எரியாமல் எஞ்சிய உறுதிகளும் ஏடுகளும், வாசிப்பாரற்று வீட்டுப் பெட்டகங்களிற் செல்லரித்துப் போனால், அந்தப் பழியை எவர்மீது சுமத்துவோம்?

நம் தீவின் மற்ற மொழி

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். மொழியைப் படி என்று நாம் சொல்வது தமிழை மட்டுமன்று. இத்தீவைப் பிரதேசமாகக் கற்க விரும்பும் தமிழ் மாணவன் சிங்களத்தையும் எழுத வாசிக்கக் கற்கவேண்டும்.

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை நம்மவர் எதிர்த்தது மானத்தின் பாற்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானது, அதனை ஒருபோதும் நாம் மறுதலியோம். ஆனால் பிறர் கட்டளையிட்டுத் திணிக்கும் மொழி வேறு. நம் தேவை கருதி நாமே தெரிந்து கற்கும் மொழி வேறு. முன்னதை மறுப்பது வீரம். பின்னதை மறுப்பது நட்டம். மகாவலியின் நீர் எங்கே திரும்புகிறது, நம் எல்லைக் கிராமத்துக் காணியைப் பற்றிக் கொழும்பிலுள்ள கோவையில் என்ன எழுதியிருக்கிறது, தென்னிலங்கைப் பத்திரிகைகள் தம் வாசகருக்கு நம்மைப் பற்றி என்ன சொல்லுகின்றன என்பதை ஆங்கிலச் சுருக்கத்தின் வழியாக அறிபவன் பாதியைத்தான் அறிவான். அந்தப் பாதியும் பிறர் அறுத்துக்கொடுத்த பாதியாகும்.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988இன் பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழியை விரித்துரைத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. ஏட்டில் எல்லாம் உண்டு. ஆயினும் தமிழ்க் கமக்காரனுக்குச் சிங்களத்திற் கடிதம் வருவது நின்றபாடில்லை. காரணம் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் போதாது என்கின்றனர். அரசின் மனமின்மை அதில் உண்டு. அதனை மூடிமறைக்க மாட்டோம். ஆனால் அந்தச் சாக்குக்கு நாமே ஏன் ஆதாரம் கொடுக்கவேண்டும்? இருமொழியும் தேர்ந்த தமிழ்ப் பட்டதாரிகள் நூற்றுக்கணக்கில் வாசலில் வந்து நிற்கட்டும். அப்பொழுது "ஆளில்லை" என்ற சொல் அதிகாரிகளின் வாயிலிருந்து எப்படி வருமென்று பார்ப்போம்.

எதிர்வாதங்கள் மூன்று

"மொழி படித்தவனுக்குச் சோறு கிடைக்குமா?" என்பது முதல் வாதம். பசியைப் பற்றிய கேள்வியை நாம் இகழவில்லை. பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடுவைத்த தந்தைக்கு அதனைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்கள்: மொழியில்லாத பிரதேசப் பட்டத்துக்குச் சோறு கிடைக்குமா? தென்னாசியாவைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு நூல் படித்தவர் கொழும்பிலும் உண்டு, இலண்டனிலும் உண்டு, டில்லியிலும் உண்டு. அச்சந்தையில் நம் பிள்ளை ஆயிரத்துள் ஒருத்தி. தமிழும் சிங்களமும் பிழையற எழுதி, பழைய உறுதியை வாசித்து, நீதிமன்றத்தில் ஒரு சொல்லின் பொருளுக்குப் பொறுப்பேற்கக்கூடியவள் எங்கே இருந்தாலும் அவளைத் தேடி ஆள் வரும். அரிதாக உள்ளதற்கே விலை உண்டென்பது கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

"இயந்திரம் மொழிபெயர்க்கின்றதே!" என்பது இரண்டாம் வாதம். பெயர்க்கட்டும். நாமும் பயன்படுத்துவோம். ஆனால் இயந்திரம் பெயர்த்தது சரியா பிழையா என்று சொல்பவர் எவர்? மூலமொழி அறியாதவன் அதனை நம்புவதன்றி வேறு வழியற்றவன். ஒற்றியை ஈடாக மாற்றிவிட்டாலும் எழுத்து அழகாய்த்தான் இருக்கும். வாக்கியம் வழுவின்றித்தான் ஓடும். முன்னர் மொழிபெயர்ப்பாளன் பிழை விட்டான். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். இயந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

"தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே, அதனைப் பல்கலைக்கழகத்திற் போய்ப் படிப்பானேன்?" என்பது மூன்றாம் வாதம். சந்தையில் மரக்கறி வாங்கத் தெரிந்த தமிழ் வேறு. நூறாண்டுக்கு முந்திய உறுதியின் ஒரு வரியை நிறுத்தக்குறியின்றி வாசிக்கும் தமிழ் வேறு. பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டின் தமிழ் முற்றிலும் வேறு. தினமும் மூச்சு விடுகின்றோமாதலால் மருத்துவம் கற்க வேண்டியதில்லை என்று எவரும் சொல்வதில்லையே!

மொழித் துறைகளுக்கும் ஒரு சொல்

நடுநிலை தவறாதிருக்க, நம் பக்கத்துக் குறையையும் கூறுவோம். ஹேற்றர் குழு 1961இற் சொன்ன குற்றச்சாட்டு நம் மொழித் துறைகளுக்கும் பொருந்தும். இலக்கணத்தை ஒப்புவித்து, உரையாசிரியர் கூறியதைத் திருப்பிக் கூறிப் பட்டம் பெற்று, மருதத்திணையைப் பற்றி மணிக்கணக்கிற் பேசவல்ல மாணவன், வயல் வரம்பில் நின்று ஒரு கமக்காரனோடு கால்மணி நேரம் பேச அறியானாயின், அவன் கற்ற மொழியும் அரைமொழியே. மொழித் துறையின் இந்த வறட்சிதான் மாணவரைப் பிரதேசக் கற்கையின் பெயர்ப்பலகையை நோக்கி விரட்டுகின்றது. அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

ஆதலால் எமது கோரிக்கைகளை வரிசையாக வைக்கின்றோம்.

முதலாவது, பல்கலைக்கழகங்களுக்கு: எந்தப் பிரதேசத்தைப் பற்றிய பட்டமாயினும், அப்பிரதேசத்தின் ஒரு மொழியில் மூல ஆவணத்தை வாசித்துக் காட்டாத மாணவனுக்கு அதனை வழங்காதீர்கள். அவ்வாறே, ஒரு பருவமாவது ஊர்களில் இருந்து சொல்லும் வழக்கமும் திரட்டாத மாணவனுக்கு மொழிப் பட்டத்தை வழங்காதீர்கள். இரு துறைகளுக்கும் இடையிலுள்ள மதில் மாணவருக்காகக் கட்டப்பட்டதன்று, அதனை இடித்துவிடுங்கள்.

இரண்டாவது, தொழில்சார் பெருமக்களுக்கு: சட்டத்தரணிகளே, நொத்தாரிசுமாரே, பொறியியலாளரே! உங்கள் அலுமாரிகளில் உறங்கும் பழைய உறுதிகளையும் வழக்குத் தீர்ப்புக்களையும் குளத்து வரைபடங்களையும் மாணவர் வந்து படியெடுக்க இடங் கொடுங்கள். மொழி தேர்ந்த ஓர் இளைஞனையோ இளம் பெண்ணையோ உங்கள் அலுவலகத்தில் அமர்த்திப் பாருங்கள். சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை உங்கள் கையிலேயே இருக்கின்றது.

மூன்றாவது, கமக்காரருக்கு: உங்கள் நாவிலுள்ள சொற்கள் உங்களோடு மறைந்துவிடலாகாது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின், சூடடித்த களத்தின் சொற்கள் ஒவ்வொன்றாய் அவிந்து வருகின்றன. பிள்ளைகள் கொப்பியும் பேனாவுமாய் வந்தால், "இதெல்லாம் என்னத்துக்கு?" என்று விரட்டாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

எம்மிடம் கேள்வி கொண்டுவந்த பெரியவர் இவை முழுவதையும் பொறுமையாய்க் கேட்டார். கேட்டுவிட்டுத் தம் மடியிலிருந்து நான்காய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். அவருடைய காணி எல்லையைப் பற்றி ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். சிங்களத்தில் இருந்தது. ஊரில் வாசிக்க ஆளில்லாமல் மூன்று கிழமையாய் மடியிலேயே இருந்ததாம். பதில் எழுதவேண்டிய தவணை முடிய இன்னும் இரண்டு நாளே இருந்தது. எம்மிடமும் உடனடியாய் வாசிக்க ஆள் இல்லை; இரண்டு தெரு தாண்டிச் சென்று ஒருவரை அழைத்துவந்தோம்.

கடிதம் வாசித்து முடிந்ததும் அவர் எழுந்தார். "பிள்ளை மொழியையே படிக்கட்டும்" என்றார்.